சென்னைப் பிரகடனமும் மருந்துக்கடைப் பதிவேடும்

2010 ஆகஸ்டில் "சூப்பர் பக்" என்ற சொல் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. மருந்துகளுக்கு எளிதில் அடங்காத கிருமி என்று பொருள். அந்தக் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு.

2008-ல் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம் புதிய நொதி ஒன்றைச் சுமந்த பாக்டீரியா கிடைத்தது. அவர் அதற்குமுன் புதுடெல்லியில் மருத்துவமனையில் இருந்தவர். எனவே நொதியின் பெயரில் 'நியூ டெல்லி' ஒட்டிக்கொண்டது, சுருக்கமாக என்.டி.எம்-1. மற்ற மருந்துகள் கைவிடும்போது கொடுக்கும் கார்பபெனெம் மருந்துகளையே இது சிதைத்துவிடும். இதன் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கழுவாத கைகளும் சுத்தமில்லாத கருவிகளும் போதும், ஒரு வார்டு முழுக்கப் பரவிவிடும்.

2010-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வில், சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இது இருந்தது. ஆனால் இங்கே எழுந்த சண்டை கிருமியைப் பற்றி அல்ல, பெயரைப் பற்றி! மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றுகூடச் சொன்னார்கள்.

2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடிப் பேசின. அதில் பிறந்ததுதான் 'சென்னைப் பிரகடனம்'. ஒருங்கிணைத்தவர் டாக்டர் அப்துல் கஃபூர். மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு வேண்டும் என்றது அது. மருந்து விற்பனையில் மட்டும் நிதானம் காட்டியது. ஏன்? டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த ஆன்டிபயாட்டிக்கும் கிடைக்காது என்று ஒரே நாளில் இறுக்கினால், டாக்டரே இல்லாத கிராமத்தில் நிமோனியா வந்த குழந்தை என்ன செய்யும்? எனவே கடைசிக்கட்ட மருந்துகளை முதலில் காப்போம், மற்றவை படிப்படியாக என்றார்கள்.

மத்திய அரசு 2013-ல் 'அட்டவணை எச்1' விதியை அறிவித்தது. 2014 மார்ச் 1 முதல் அது அமலுக்கு வந்தது. பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2017-ல் தேசியச் செயல்திட்டமும் வந்தது.

நம் திருவண்ணாமலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வரும் ஊர் இது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் ஏறுவது மருந்துக்கடைப் படிதான். டெல்லியில் போட்ட விதி அந்தப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதப்படும்போதுதான் உயிர் பெறுகிறது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் கேட்காமல் இருப்பது நம் பங்கு.