காற்றுக்குழாய் இணைப்புகள்: மரையும் பிடியும் கப்ளரும்

வீட்டுப் பட்டறையில் சிறு கம்ப்ரஸரிலிருந்து ஏர் கன்னுக்குச் செல்லும் ஹோஸில் காற்று கசியக்கூடிய இடங்கள் மூன்று: உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று திருகிச் சேரும் மரை, நிப்பிளின் மேல் ஹோஸைக் கவ்விப் பிடிக்கும் இடம், கருவியை மாற்றும்போதெல்லாம் கழற்றி மாட்டும் கப்ளர். 7 பார் அழுத்தத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் துளை வழியே நிமிடத்துக்குச் சுமார் 150 லிட்டர் காற்று வெளியேறிவிடும் என்பதால், இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் சிறிய கம்ப்ரஸரின் உழைப்பில் பெரும்பகுதி வீணாகும். இம்மூன்றும் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்து பிற்காலத்தில் ஒரே ஹோஸில் வந்து சேர்ந்தவை. ஆகவே, தனித்தனியே பழுதற்ற இரு பாகங்கள் சேர்த்துப் பூட்டியதும் சீறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவற்றின் பூர்வீகத்தில்தான் இருக்கிறது.

மூன்றில் மூத்தது மரை. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் திருகுமரைகளுக்கு 55 பாகைக் கோணம் கொண்ட ஒரே சீரான முறையை முன்வைத்தார். அவ்வடிவமே பின்னர் பி.எஸ்.பி. எனப்படும் பிரிட்டிஷ் குழாய் மரைக்கு அடிப்படையாயிற்று. அமெரிக்காவிலோ 60 பாகை மரை வேரூன்றியது, பிலடெல்பியாவின் குழாய்த் தொழிற்சாலையில் பணியாற்றிய ராபர்ட் பிரிக்ஸ், 16 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் வீதம் விட்டம் குறுகும் கூம்பு மரையை வகுத்தார், அந்நாட்டு உற்பத்தியாளர்கள் 1886-இல் அதை ஏற்றுக்கொண்டனர், இன்றைய என்.பி.டி. மரை அதன் வழிவந்தது. இறுக்க இறுக்க உலோகமே உலோகத்தை நெருக்கி அடைக்கும் கூம்பு மரை, குழாய் வேலையின் மிகச் சிறந்த சிந்தனைகளுள் ஒன்று எனலாம். ஆனால் அரை அங்குல அளவில் இரு நாட்டு மரைகளுக்கும் அங்குலத்துக்கு 14 புரிகளே இருப்பதால், ஒன்று மற்றொன்றுக்குள் தடையின்றி ஏறிவிடுகிறது. கோணம் பொருந்தாததால் புரிகளுக்கிடையே சுருள்வழி ஒன்று மிஞ்ச, காற்று அதன் வழியே வெளியேறுகிறது. கால் அங்குலத்தில் பி.எஸ்.பி. 19 புரி, என்.பி.டி. 18 புரி என்பதால் சில சுற்றுகளிலேயே இறுகிப்போய்ப் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும். அவ்வகையில் அரை அங்குலமே அதிகம் ஏமாற்றக்கூடியது. கால் அங்குல பி.எஸ்.பி. மரையின் வெளிவிட்டம் உண்மையில் 13 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்; 'கால் அங்குலம்' என்பது பழைய இரும்புக் குழாயின் உள்வாயைக் குறித்த பெயர். இந்தியத் தரமான ஐ.எஸ். 554 விட்வொர்த் வழியையே பின்பற்றுவதால், அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட கருவியை இங்கே வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது அதன் மரை எந்த வகை என்பதைத்தான். பி.எஸ்.பி.யிலும் கூம்பு மரைக்கே டெஃப்ளான் டேப் அடைப்பாகும். விட்டம் மாறாத நேர்மரையில் வாஷரோ ஓ-ரிங்கோ முகப்பில் அழுந்தித்தான் காற்றை நிறுத்தும்.

வளையும் ஹோஸின் கதை சுரங்கங்களோடு இணைந்தது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1871-இல் திறக்கப்பட்ட மோன் செனி சுரங்கத்தில், ஜெர்மேன் சொம்மெயெ 1861 முதல் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பொறிகளைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு வெடிப்புக்கும் முன்னால் பின்வாங்கி, பிறகு முன்னேறவேண்டிய பொறிக்கு இரும்புக் குழாய் கடைசிவரை துணைவர இயலாது; வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் நிற்கும் ரப்பர் அதற்குத் தேவைப்பட்டது; கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றிருந்தார். இத்தகைய ஹோஸ்களை ஒன்றோடொன்று இணைக்கச் சுரங்கங்களிலும் சாலைப் பணிகளிலும் பரவிய நக இணைப்பு என்பது ஆண், பெண் என்ற வேறுபாடின்றி இரு முனையிலும் ஒரே வடிவ நகங்கள் கால் சுற்றில் கோத்துக்கொள்ளும் அமைப்பு; கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரையான ஹோஸ்களுக்கு நகத்தின் அளவு ஒன்றே என்பதால் எதையும் எதனோடும் மாட்டலாம். ரயில் பெட்டிகளுக்கிடையே உள்ள காற்றுத்தடை ஹோஸ்களிலும் இதே ஒத்த முனைக் கோட்பாடு காணப்படுகிறது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் உருவாக்கிய தானியங்கித் தடையில், ஹோஸ் பிரிந்து காற்று வெளியேறினால் எல்லாப் பெட்டிகளிலும் தடை தானே விழுமாறு செய்யப்பட்டது.

ஹோஸைப் பிடிக்கும் கிளிப்புக்கு பிரிட்டிஷ் கடற்படையிலிருந்த லம்லி ராபின்சன் 1921-இல் காப்புரிமை பெற்றார். திருப்புளியால் இறுக்கும் அந்தப் பட்டை இன்றும் ஏறத்தாழ மாறவில்லை. ரப்பர் நாளடைவில் அமுங்கிக் கொடுத்துவிடுவதால் அதை அவ்வப்போது மீண்டும் இறுக்க வேண்டும். அந்தத் தொல்லையை விரும்பாதோருக்கு, நிப்பிளின் மேல் உலோக வளையத்தை அழுத்தி நசுக்கிப் பூட்டிய ஹோஸே தக்கது.

உள்ளே எஃகுக் குண்டுகளும் சுருள்வில் வால்வும் கொண்டு, கழற்றிய கணமே காற்றை நிறுத்தும் விரைவு கப்ளர் இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம். அமெரிக்க ராணுவத் தரத்திலிருந்து ஒரு பிளக் வடிவம் தொழிற்சாலைகளுக்குப் பரவ, ஐரோப்பாவும் ஜப்பானும் தத்தம் வடிவங்களை வளர்த்துக்கொண்டன, 1988-இல் ஐ.எஸ்.ஓ. 6150 வெளிவந்த பின்னரும் பல வடிவங்கள் அருகருகே விற்பனையில் நீடிக்கின்றன. ஒரு வடிவப் பிளக் வேறொரு கப்ளருக்குள் நுழைந்துவிட்டாலும் பூட்டு முழுமையாக விழாமல், அழுத்தம் ஏறியதும் தெறித்து வெளிவரலாம். எனவே பட்டறை முழுவதற்கும் ஒரே வடிவத்தைத் தேர்ந்து, ஓயாமல் மாட்டிக் கழற்றும் பிளக்கைத் தேயாத எஃகிலும் ஈரம் படும் பாகங்களைப் பித்தளையிலும் வாங்குவது நல்லது. இம்பாக்ட் ரெஞ்ச் போன்ற அதிரும் கருவியில் கப்ளரை நேரடியாகப் பூட்டினால் குண்டுகளும் பிளக்கும் விரைவில் தேய்ந்துபோகும். இடையே ஒன்றிரண்டடி நீளமுள்ள துண்டு ஹோஸைச் சேர்த்தால் அந்த அதிர்வு கப்ளரை எட்டாது.