கார்க் செருப்பும் முசோலினியும்

போன வாரம் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். "ஃபெராகாமோ ஷூ ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்டா. விலை ஜாஸ்திதான். ஆனா 1930-கள்லயே கார்க்ல செருப்பு செஞ்சவங்களாம். சுற்றுச்சூழலுக்கு நல்ல கம்பெனி"ன்னான்.

எனக்கு அவ்வளவு காசும் கிடையாது, அதைப் போட்டுக்கிட்டுப் போற மாதிரி இடமும் கிடையாது :-) ஆனா பழைய கதைன்னா விடுவேனா? தோண்ட ஆரம்பிச்சேன்.

சல்வதோரே ஃபெராகாமோ 1898-ல் தெற்கு இத்தாலியில் போனிட்டோ என்கிற கிராமத்தில் பிறந்தவர். 14 பிள்ளைகளில் 11-வது. செருப்பு தைப்பது கேவலமான தொழில் என்று வீட்டில் எதிர்ப்பு. பையன் கேட்கவில்லை. பதின்ம வயதிலேயே அமெரிக்கா போய், ஹாலிவுட் படங்களுக்குச் செருப்பு செய்து பேர் வாங்கினார். 1927-ல் ஊர் திரும்பி ஃப்ளாரன்ஸில் பட்டறை போட்டார். 1933-ல் திவால். மெல்ல எழுந்து நிற்கும்போது 1935 வந்தது.

அந்த வருஷம் அக்டோபரில் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. விஷவாயு வரைக்கும் போட்டார்கள். நவம்பரில் சர்வதேச சங்கம் இத்தாலி மேல் பொருளாதாரத் தடை விதித்தது.

இதுக்கும் செருப்புக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருக்கு. குதி உயர்ந்த செருப்பில் பாதத்தின் வளைவைத் தாங்க உள்ளே ஒரு மெல்லிய எஃகுப் பட்டை வைப்பார்கள். நல்ல எஃகு கிடைக்காமல் போச்சு. கிடைத்த மட்டமான எஃகு ஒடிஞ்சு ஒடிஞ்சு விழுந்தது. மனுஷன் யோசித்தார். பட்டையே வேண்டாம், குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கார்க்கால் அடைத்துவிட்டால்? அப்படிப் பிறந்ததுதான் 'வெட்ஜ்' செருப்பு. 1937-ல் காப்புரிமையும் வாங்கினார். நல்ல தோலுக்கும் தட்டுப்பாடு வந்தபோது மிட்டாய் சுற்றுகிற செல்லோஃபேன், ராஃபியா நார், சணல், மீன் தோல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் செருப்பாக்கினார்.

கார்க் நல்ல பொருள்தான், சந்தேகமே இல்லை. மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பட்டையை மட்டும் உரித்தால் போதும், ஒன்பது பத்து வருஷத்தில் திரும்ப வளர்ந்துவிடும். ஆனா அன்னிக்கு அதைத் தேட வைத்தது பூமி மேல் இருந்த பாசம் இல்லை. ஒரு யுத்தமும் அதனால் வந்த தட்டுப்பாடும்தான். 'உள்ளூர்ப் பொருளையே பயன்படுத்து' என்பது அப்போது பாசிச அரசின் கோஷமும்கூட.

இன்னொரு விஷயம். முசோலினியும் ஹிட்லரின் காதலி ஈவா பிரவுனும் ஃபெராகாமோவின் வாடிக்கையாளர்கள். யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இல்லை, 1957-ல் வந்த தன் சுயசரிதையில் அவரே சொன்னதுதான். செருப்புக்காரருக்குக் கால்தானே முக்கியம், ஆள் யாராக இருந்தால் என்ன என்று கேட்கலாம். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

அதுக்காக ஒரேயடியாகத் திட்டவும் மனசு வரலை. 1950 வாக்கில் அவர் பட்டறையில் 700 பேர் கையாலேயே ஒரு நாளைக்கு 350 ஜோடி செய்தார்களாம். அதாவது ஒரு ஜோடிக்கு ரெண்டு பேரின் ஒரு நாள் உழைப்பு! அப்படிச் செய்த செருப்பை யாரும் ஆறே மாசத்தில் குப்பையில் போட மாட்டார்கள். பணக்காரர்களுக்கு மட்டும் எட்டுகிற சிக்கனம் என்பது வேற கதை.

ஃபெராகாமோ 1960-ல் இறந்தார். 2019-ல் ஃப்ளாரன்ஸில் இருக்கும் அவர் பெயரிலான அருங்காட்சியகம் 'சஸ்டெய்னபிள் திங்கிங்' என்று ஒரு கண்காட்சியே நடத்தி, இந்தப் பழைய செருப்புகளை அதில் வைத்தது. வைக்கட்டும், தப்பில்லை. ஆனா கார்க்கைப் பற்றிச் சொல்லும்போது எத்தியோப்பியாவையும் சேர்த்துச் சொன்னால்தானே அது சரித்திரம்? இல்லேன்னா வெறும் விளம்பரம்.

நண்பனுக்கு நான் சொன்னது இதுதான்: "எதுல செஞ்சதுன்னு மட்டும் கேக்காதே. யார் செஞ்சாங்க, என்ன கூலி, தோல் பதனிட்ட குரோமியத் தண்ணி எந்த ஆத்துக்குப் போச்சுன்னும் கேளு. அதுவும் இன்னிக்குச் செய்யற ஷூவுக்குக் கேளு. தாத்தாவோட மார்க் ஷீட்டைக் காட்டி பேரன் சீட் கேக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பழைய ஷூவுக்கே அடி மாத்திக்கறேன் விடு"ன்னான்.

நல்ல முடிவுதானே? நீங்க என்ன நினைக்கறீங்க மக்களே?