உயரமாகிப் போன மோட்டோகிராஸ் பைக்

நாம் ஓட்டிய ராஜ்தூத்திலும் புல்லட்டிலும் உட்கார்ந்தால் கால் தரையில் பதியும். இன்றைய மோட்டோகிராஸ் பைக்கின் சீட்டோ 950 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, பக்கத்தில் நின்றால் நம் இடுப்புக்கு வரும். அழகுக்காக வந்த உயரமல்ல அது.

1970 வாக்கில் மண் தளப் பந்தய வண்டிகளின் பின்சக்கரம் ஏறக்குறைய 4 அங்குலம்தான் மேலும் கீழும் போய்வரும். மேட்டிலிருந்து குதித்தால் அடி நேராக முதுகுத்தண்டுக்கு. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் என்ற பொறியாளர், பின்னால் இருபுறமும் நின்ற ஷாக் அப்சார்பர்களை எடுத்துவிட்டு, நீளமான ஒன்றை டேங்குக்கு அடியில் படுக்கவைத்தார். யமஹா அந்த யோசனையை வாங்கிக்கொண்டது. 1973-இல் ஸ்வீடன் வீரர் ஹாகன் ஆண்டர்சன் அப்படிப்பட்ட வண்டியில் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? பத்து வருடத்துக்குள் 4 அங்குலம் 12 அங்குலத்தைத் தொட்டது. சக்கரம் அவ்வளவு ஏறி வர இடம் வேண்டும். அந்த இடத்துக்கும் மேலேதான் சீட். குட்டையானவர்களின் திண்டாட்டம் அங்கே தொடங்கியது.

என் அண்ணன் பேத்தி 5 அடி 2 அங்குலம், எடை 48 கிலோ. பழைய மோட்டோகிராஸ் பைக் ஒன்றை வாங்கிவந்து, "தாத்தா, கால் எட்டலை" என்றாள். "ஸ்பிரிங்கில் ரெண்டு சுத்து அறுத்துடலாம்" என்றார் தெருமுனை மெக்கானிக். பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டியவன் நான், விடவில்லை. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும். வண்டி அந்தரத்தில் இருக்கும்போது லூசாகி இடம் பெயரவும் செய்யும். அவள் குதிக்கப்போகிற வண்டி அது.

முதலில் பார்க்கவேண்டியது எடையை. ஆள் உட்கார்ந்ததும் சக்கர ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வண்டி அமுங்க வேண்டும். கம்பெனி ஸ்பிரிங் 75 கிலோ ஆளை மனதில் வைத்துப் போட்டது. 48 கிலோவுக்கு அது அசைந்தே கொடுக்காது. எடைக்கேற்ற மெல்லிய ஸ்பிரிங் போட்டதுமே கணிசமாக இறங்கியது.

மீதிக்கு ஷாக்குக்குள் ஒரு வளையம் போடவேண்டும், அது முழுதாக நீளாதபடி. இணைப்புத் தண்டுகள் வழியாக ஷாக்கின் 1 மி.மீ. சக்கரத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. ஆகிறது, 10 மி.மீ. வளையம் ஒன்றேகால் அங்குலம் இறக்கிவிடும். முன் ஃபோர்க்குக்குள்ளும் அதே அளவுக்குக் குறைக்கவேண்டும். பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, வளைவில் ஹேண்டில் சொன்னபடி கேட்காது. நீளமான இணைப்புத் தண்டு மாட்டுவது மலிவு வழி. ஆனால் சக்கர ஓட்டம் குறையாததால், முழுதாக அமுங்கும்போது டயர் மட்கார்டில் உரசும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

ஷாக்குக்குள் நைட்ரஜன் அழுத்தத்தோடு அடைத்திருக்கிறது, தெருவோரத்தில் திறக்கிற சமாசாரமல்ல. சஸ்பென்ஷன் வேலை மட்டுமே செய்கிற இடத்துக்கு அனுப்பினோம். சீட் பஞ்சைச் சீவியதையும் சேர்த்து மொத்தம் 3 அங்குலம் இறங்கியது. அடிவயிறு கல்லில் தட்டும் வாய்ப்பு கூடியிருக்கிறது, அது அவளுக்கும் தெரியும்.

கடைசியில் பார்த்தால் சைடு ஸ்டாண்ட் நீளமாகிப்போய், வண்டி சாய்ந்து நிற்காமல் மறுபக்கம் விழப்பார்த்தது. அதை அறுத்து வெல்டு வைக்கும் வேலையைத் தெருமுனை மெக்கானிக்குக்கே கொடுத்தேன்.