லிடிட்சே: ஓடையைக்கூட விட்டுவைக்காத அழிப்பு

செக் நாட்டின் தலைநகர் பிராக்கிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில், கிளாட்னோ என்ற தொழில் நகருக்கு அருகே இருக்கிறது லிடிட்சே. அழிக்கப்படுவதற்கு முன் எடுக்கப்பட்ட அதன் படங்களை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு சிறு பள்ளத்தாக்கு. சரிவில் வீடுகள், அவற்றுக்கு மேலாகப் புனித மார்ட்டின் தேவாலயம். ஓர் ஓடை, ஒரு குளம், ஒரு பள்ளிக்கூடம். அங்கிருந்தவர்கள் ஏறத்தாழ 500 பேர். ஆண்களில் பலர் கிளாட்னோவின் சுரங்கங்களிலும் உருக்காலைகளிலும் வேலை செய்தார்கள்.

1942 மே 27ஆம் திகதி, பிரித்தானியாவிலிருந்து விமானத்தில் வந்து பரசூட்டில் இறங்கிய செக், ஸ்லோவாக் வீரர்கள் பிராக்கில் நாசி ஆட்சியாளர் ஹைட்ரிக்கைத் தாக்கினார்கள். ஜூன் 4ஆம் திகதி அவர் இறந்தார். லிடிட்சேக்கும் தாக்குதலுக்கும் தொடர்பிருந்ததாக எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. இரண்டு குடும்பங்களின் மகன்மார் பிரித்தானியாவில் செக்கோசிலோவாக்கியப் படையில் இருந்தார்கள். சந்தேகத்துக்கு அதுவே போதுமாயிற்று.

ஜூன் 10ஆம் திகதி, ஹொராக் குடும்பத்தின் பண்ணைச் சுவரோரம் 173 ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முதிய பாதிரியாரும் அவர்களில் ஒருவர். பெண்களும் பிள்ளைகளும் கிளாட்னோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அடைக்கப்பட்டார்கள். பின்னர் தாய்மாரிடமிருந்து பிள்ளைகள் பிரிக்கப்பட, பெண்கள் ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அதன் பின்னர் நிலத்தின் மீது கை வைத்தார்கள். வீடுகளை எரித்து, தேவாலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சேமக்காலையைத் தோண்டினார்கள். மரங்களை வெட்டி, குளத்தை நிரப்பி, ஓடையின் போக்கையே மாற்றினார்கள். ஊர் இருந்த அடையாளமே மிஞ்சக்கூடாது என்பதுதான் நோக்கம். இதையெல்லாம் அவர்களே படம் பிடித்தும் வைத்தார்கள். அந்தப் படம் பிறகு நியூரம்பேர்க் விசாரணையில் அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று.

வழமையாக இப்படியான கொலைகள் மறைக்கப்படும். லிடிட்சேயை அழித்ததை நாசிகள் தாங்களே உலகுக்கு அறிவித்தார்கள். அதனால்தான் அதன் பெயர் எங்கும் பரவியது என்று நினைக்கிறேன். மெக்சிக்கோவில் ஓர் ஊருக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது. பிரித்தானியாவின் ஸ்டோக் நகரச் சுரங்கத் தொழிலாளர்கள் ஊரை மீளக் கட்டப் பணம் சேர்த்தார்கள்.

1945இல் 143 பெண்கள் திரும்பி வந்தார்கள். கணவன்மார் கொல்லப்பட்டதும் ஊர் இல்லாமற்போனதும் அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவந்தது. பிள்ளைகளைத் தேடும் வேலை தொடங்கியது. திரும்பக் கிடைத்தவர்கள் 17 பேர் மட்டுமே. ஜேர்மன் குடும்பங்களில் வளர்க்கப்பட்ட சிலர் செக் மொழியையே மறந்திருந்தார்கள். தாயும் பிள்ளையும் பேசிக்கொள்ள ஒரு மொழி இல்லை. 82 பிள்ளைகள் ஹெல்ம்னோவில் நச்சுவாயு செலுத்திக் கொல்லப்பட்டிருந்தார்கள்.

1947இல் புதிய லிடிட்சேக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய இடத்திலல்ல, அதற்கு அருகே. பழைய இடத்தை வெறும் புல்வெளியாக விட்டது சரியான முடிவென்றே எனக்குப் படுகிறது. தேவாலயத்தின் அத்திவாரமும் ஆண்களின் பொதுப் புதைகுழியும் அங்கே இருக்கின்றன. அழிப்புக்குத் தப்பிய ஒரு பேரிமரமும் நிற்கிறது.

சிற்பி மரியே உகிட்டிலோவா 82 பிள்ளைகளையும் ஆளுயரச் சிலைகளாக வடிக்கத் தொடங்கி, முடியுமுன்னே 1989இல் காலமானார். அவருடைய கணவர் வேலையைத் தொடர்ந்து 2000இல் நிறைவு செய்தார். 42 சிறுமிகள், 40 சிறுவர்கள். பார்க்க வருகிறவர்கள் அவர்களின் காலடியில் விளையாட்டுப் பொருட்களை வைத்துவிட்டுப் போகிறார்கள்.