பல்லில் எழுதிய கிணற்று நீர்

பல்லுக்கு உவமை தேடிய தமிழ்ப் புலவர்கள் முத்தையும் முல்லை அரும்பையும் மயிலிறகின் அடிப்பகுதியாகிய முருந்தையும் கண்டெடுத்தனர். மூன்றிற்கும் பொதுவானவை வெண்மையும் வழவழப்புமே. புலவர் போற்றிய அந்த வழவழப்புதான் பல் வைத்தியருக்கு நெடுங்காலம் பெருந்தடையாக இருந்தது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. எப்போதும் எச்சிலில் நனைந்திருக்கும் வழுக்குப் பரப்பில் எந்தப் பசைதான் நிற்கும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் சொத்தையை அடைக்கப் பயன்பட்டது பாதரசமும் வெள்ளியும் சேர்ந்த கலவை. அது பல்லோடு ஒட்டாது. எனவே குழியை வாய் குறுகி வயிறு அகன்ற பானைபோலக் குடைந்து, கலவை வெளியே வராதபடி சிறைப்படுத்தினர். சொத்தைக்காக மட்டுமன்றி, அடைப்பு நிற்பதற்காகவும் நல்ல பல்லை வெட்டி எறிய வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பணியாற்றிய மைக்கேல் புவோனோகோர். உலோகத்தின்மீது வண்ணம் நன்கு பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் அதனைப் பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்துவதை அறிந்திருந்த அவர், அதே முறையைப் பல்லில் செய்து பார்த்தார். 85 விழுக்காட்டு அமிலத்தை 30 விநாடி தடவிக் கழுவியபின் அக்ரிலிக் பிசினை வைத்தபோது, அது முன்பைவிடப் பல மடங்கு நேரம் பிடித்து நின்றது. இம்முடிவை 1955இல் வெளியிட்டார்.

இதன் சூட்சுமம் எளியது. பல்லின் மேலுறையாகிய எனாமல், எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமத்தால் ஆனது. அமிலம் அதனை ஒரே சீராகக் கரைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை உண்டாக்குகிறது. அவற்றுள் பிசின் புகுந்து இறுகி வேர்விடுகிறது. வழவழப்பான சுவரைக் கொத்திவிட்டுப் பூசும் கொத்தனாரின் அறிவுதான் இது. இன்று சுமார் 37 விழுக்காட்டு அமிலமே போதுமானதாயிருக்கிறது. எனாமலில் பிடிப்பு 20 மெகாபாஸ்கல் அளவை எட்டுகிறது. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ விசை. உள்ளே இருக்கும் டென்டினில் ஈரமும் புரதமும் கலந்திருப்பதால் அங்கு ஒட்டுவது இன்னும் கடினம். அந்தப் புரத வலையினுள் பிசின் ஊடுருவிக் கலப்படலம் உருவாவதை ஜப்பானின் நகபயாஷி 1982இல் விளக்கினார்.

இந்த வரலாற்றின் மற்றொரு கிளை நம் மண்ணில் தொடங்குகிறது. புவோனோகோருக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னர், 1937இல், ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மக்களை வருத்திய நோயொன்றைப் பற்றி எழுதினர். பற்களில் கறை, எலும்பு மூட்டுகளில் இறுக்கம். காரணம் கிணற்று நீரிலிருந்த ஃபுளோரைடு. பாறையிலிருந்து கரைந்து நீரில் கலக்கும் இந்த உப்பு, குழந்தைப் பருவத்தில் எனாமல் உருவாகும்போதே உள்ளே சென்று தங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகள் இத்துயரை நீண்டகாலமாக அறிந்தவை.

இரு கிளைகளும் சந்திக்கும் இடம் இதுதான். ஃபுளோரைடு ஏறிய எனாமலின் மேற்பரப்பு அமிலத்தால் எளிதில் கரைவதில்லை. அதன் அடியிலிருக்கும் படலமோ துளைகள் மிகுந்து வலுக்குன்றியது. மேலே அமிலம் வேலை செய்ய மறுக்கிறது. கீழே பிசினைத் தாங்க உறுதி போதவில்லை. இத்தகைய பற்களில் ஒட்டும் வலுவைக் கென்யாவில் அளந்து பார்த்த ஆய்வொன்று 1986இல் வெளிவந்தது. அமிலத்தை அதிக நேரம் வைத்தல், மேற்படலத்தை மெல்ல ராவிவிடுதல் எனப் பல வழிகள் பின்னர் சொல்லப்பட்டன. எது சிறந்தது என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் ஒத்த கருத்தில்லை.

கறையை மறைக்கப் பசையைப் பெரிதும் நாடுவோர் யார்? சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்பவர்கள். பெண் பார்க்க வருகையில் தலைகுனிந்து நிற்கும் இளம்பெண்கள். பசை எவருக்கு மிகவும் தேவையோ, அவருடைய பல்லில்தான் அது பிடிக்கத் தயங்குகிறது. இதனை விதியின் கொடுமை என்று சொல்லி முடித்துவிட முடியாது. நல்ல நீர் கிடைத்திருந்தால் அந்தக் கறையே வந்திராது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. நெல்லூர் அறிக்கைக்கும் அதற்கும் இடையே 76 ஆண்டுகள்!

நான் வாழும் சாலவாக்கத்திலிருந்து மேல்மருவத்தூர்ப் பல் மருத்துவக் கல்லூரி அதிகத் தொலைவில்லை. அங்கு நாற்காலியில் அமர்பவர் பிழைப்புத் தேடிப் பாலக்கோட்டிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ இப்பக்கம் குடிபெயர்ந்தவராக இருக்கலாம். ஊர் மாறினாலும் பல்லில் எழுதப்பட்ட நீர் மாறுவதில்லை. பசையின் வலு புட்டியின் மேல் அச்சிட்ட எண்ணில் மட்டும் இல்லை. ஆகவே அமிலத்தைத் தொடும் முன், “சின்ன வயசில் எந்த ஊர்த் தண்ணீர் குடிச்சீங்க?” என்று கேட்கும் மருத்துவரே பல்லை அறிந்தவர் என்பேன்.