எட்டுச் சமநிலைகள்

1995 செப்டெம்பர் 11, நியூயோர்க். உலக வர்த்தக மையத்தின் 107ஆம் மாடியில் கஸ்பரோவும் எங்கட ஆனந்தும் உலகப் பட்டத்துக்காக விளையாட இருந்தார்கள். (மயிலாடுதுறைக்காரர் கரவெட்டிக்கு எப்பிடி 'எங்கட' ஆனார் எண்டு கேக்காதேங்கோ.)

முதல் எட்டு ஆட்டமும் சமநிலை. 'சும்மா கைகுடுத்திட்டுப் போயினம்' எண்டு சொல்லுறவை இண்டைக்கும் இருக்கினம். நாங்கள் ஆறாவது ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தோம். திறந்த ஸ்பானிய முறையில் ஆனந்த் கறுப்போடு தப்பிக்கொண்டார். கஸ்பரோவ் அதை விடவில்லை. ஒன்பதாவதில் தோற்ற பிறகு, பத்தாவதில் அதே வரிசைக்குத் திரும்பினார். வீட்டில் ஆயத்தம்செய்த புது நகர்வோடு கோட்டையைப் பலிகொடுத்து வென்றார். அரைப் புள்ளியோடு முடிந்த ஆட்டம் உண்மையில் முடிந்திருக்கவில்லை.

எட்டாவது சமநிலை செப்டெம்பர் 22, வெள்ளிக்கிழமை. அதே நாள் வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மீது குண்டு விழுந்தது. பிள்ளைகள் செத்தார்கள். 1990இலிருந்து மின்சாரம் இல்லாத குடாநாட்டில், சைக்கிள் டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட காலம். அண்டைக்கு ஆனந்தின் செய்திக்கு ஆர் காது குடுத்திருப்பினம்?

ஒக்டோபர் 10இல் கஸ்பரோவ் 10½–7½ என்று பட்டத்தைத் தக்கவைத்தார். கடைசி ஆட்டமும் சமநிலைதான். மூன்று கிழமைக்குள், ஒக்டோபர் 30இல், வலிகாமம் இடம்பெயர்ந்தது. வடமராட்சிப் பள்ளிக்கூடங்களிலும் சனம் படுத்தது.