புலி பிடிபட்ட இடம்

பழுதுற்ற இயந்திரத்தைச் செப்பனிடுவோர் உளர். பழுதுற்ற வரலாற்றைச் செப்பனிடுவது எங்ஙனம்? பல்லாண்டு பள்ளியில் வரலாறு கற்பித்த எனக்கு இவ்வினாவை எழுப்பியது ஒரு போர் வண்டி.

இங்கிலாந்தில், டார்செட் பகுதியைச் சேர்ந்த பவிங்டனில், டாங்கிகளுக்கென்றே அமைந்த காட்சிச்சாலை ஒன்று உண்டு. அங்கே இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய 'டைகர்' டாங்கி ஒன்று நிற்கின்றது. டைகர் என்றால் புலி. பெயருக்கேற்ற வலிமையும் அதற்கு உண்டு. எடை ஏறத்தாழ 57 டன். பீரங்கி 88 மில்லிமீட்டர். அதன்மேல் தீட்டப்பட்ட 131 என்னும் எண்ணே அதற்குப் பெயராய் நிலைத்துவிட்டது.

1943 ஏப்ரலில், வட ஆப்பிரிக்காவிலுள்ள டூனிஸியாவில், பிரிட்டிஷ் டாங்கி ஒன்று சுட்ட குண்டு இதன் பீரங்கியின் அடிப்புறத்திற் பட்டுத் தெறித்துச் சுழல்கோபுரத்தின் வளையத்திற் சிக்கியது. கோபுரம் திரும்பவில்லை. உள்ளிருந்தோர் வண்டியை அழிக்காமலே விட்டு வெளியேறினர். ஆறாம் ஜார்ஜ் மன்னரும் பிரதமர் சர்ச்சிலும் டூனிஸ் நகரில் அதனைப் பார்வையிட்டனர். அவ்வாண்டிலேயே கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்த அது, நிபுணர்களின் ஆராய்ச்சிக்குப் பின், 1951இல் காட்சிச்சாலைக்கு வந்தது.

1990இல் செப்பனிடும் பணிக்காக அதனைப் பார்வையிலிருந்து அகற்றினர். அதன் சொந்த எஞ்சினோ, உள்ளமைப்பைக் காட்டும்பொருட்டு முன்னரே அறுக்கப்பட்டிருந்தது. ஆகவே அங்கிருந்த மற்றொரு பெரிய டைகரின் எஞ்சினை எடுத்துப் பொருத்தினர். 2003 டிசம்பரில் புலி மீண்டும் உறுமிற்று.

இயந்திரத்திற்கு இரவல் உறுப்புப் பொருந்தும். வரலாற்றுக்குப் பொருந்துமோ? 1943 ஏப்ரல் 21 அன்று ஜெபல் ஜாஃபா என்னும் குன்றருகே இவ்வண்டி பிடிபட்டதென நெடுங்காலம் எழுதிவந்தனர். நானும் வகுப்பில் அவ்வாறே சொல்லி, நிலப்படத்தில் புள்ளியும் வைத்தேன். "ஐயா, அது அந்த இடந்தான் என்று எப்படித் தெரியும்?" என்றான் ஒரு மாணவன். "புத்தகத்தில் இருக்கிறது, உட்கார்" என்றேன்.

அந்தப் புத்தகச் செய்தி பின்னர் பொய்த்தது. அப்போரில் பங்குகொண்ட காலாட்படை வீரர் ஒருவர் தம் மகனுக்குச் சொல்லியிருந்த நிகழ்ச்சி இவ்வண்டியோடு ஒத்திருந்தது. போர்க்காலப் புகைப்படங்களிற் காணும் மலைகளின் விளிம்பை டூனிஸிய நிலத்தோடு ஒப்பிட்டனர். பிடிபட்ட இடம் கெரியாத் எல் அத்தாக் என்னுமிடத்திலுள்ள 174ஆம் குன்று என்றும், நாள் ஏப்ரல் 24 என்றும் புலனாயிற்று. காட்சிச்சாலையும் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது.

மூன்று நாள் பிழை சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், அந்தக் குன்றில் நின்று போரிட்டவர்களின் பெயர் அப்பிழையினால் அன்றோ மறைந்து கிடந்தது! எழுதப்பட்டதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. சாதாரணப் போர்வீரன் வீட்டிற் சொன்னதனாலேயே ஒன்று பொய்யாகியும் விடாது. இரண்டையும் நிலத்தோடு வைத்துப் பார்த்தல் வேண்டும்.

அம்மாணவன் இன்று எங்கிருக்கின்றானோ, அறியேன். இப்பேச்சை அவன் கேட்பானாயின் ஒன்று சொல்வேன்: தம்பி, உன் வினா சரியானது, நான் தந்த விடையே தவறு.